வயித்து மாத்திரை

மனுஷனுக்கு வயிறு கலங்குவது ஒன்றும் உலக அதிசயமில்லை. ஆனால் பதினெட்டு மாடி உயரத்தில், ஒரே ஒரு ஆள் உட்காரக்கூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும்போது கலங்கினால் அது வேறு சங்கதி. சின்ன அவசரத்துக்கு ஒரு காலி பாட்டில் போதும், கிரேன் ஓட்டுகிற எல்லோரும் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். பெரிய அவசரத்துக்கு ஏணிதான் வழி. இறங்கப் பதினைந்து நிமிஷம், திரும்ப ஏற இருபத்தைந்து. அந்த நேரமெல்லாம் கம்பி கட்டுகிறவன், கான்கிரீட் கொட்டுகிறவன், அத்தனை பேரும் வேலையில்லாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எதற்கு இறங்குகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். மானம் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா?

அந்தக் கட்டட வேலையில் கிரேன் ஓட்டியவருக்குப் பருந்து என்று பட்டப்பெயர். அவருக்கு மானம் கொஞ்சம் ஜாஸ்தி. கீழே நின்று வாக்கிடாக்கியில் அவருக்கு வழி சொல்லும் சிக்னல்காரன் வேறு யாருமில்லை, அவருடைய பெண்டாட்டியின் தம்பி. "கொஞ்சம் இடது மச்சான், இன்னும், இன்னும், நில்லு, இறக்கு" என்று இவன் சொல்ல, மேலே அவர் லீவரை விரல் நுனியால் தொட்டுத் தொட்டு, ரெண்டு டன் கம்பியைத் தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல இறக்குவார். ஒன்பது வருஷமாக இதுதான் பிழைப்பு. சிக்னல்காரன் தன் பெண்டாட்டியோடு பேசியதைவிட மச்சானோடு பேசியதுதான் அதிகம். அவளே சொல்லிக்காட்டுவாள்.

மழை ஓய்ந்த மாசத்தில் பருந்துக்கு ரத்தமும் சளியுமாகப் போக ஆரம்பித்தது. சைட்டில் குடிக்கிற தண்ணீரின் லட்சணம் அப்படி. டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு அமீபா என்றார். சீட்டில் ரெண்டு மாத்திரை எழுதினார். முதலாவது மெட்ரோனிடசோல், ஒரு நாளைக்கு மூணு, ஏழு நாள். அது முடிந்த கையோடு இன்னொன்று, பத்து நாள்.

"முதல் மாத்திரை குடலைக் கடிக்கிற கிருமியைக் கொல்லும். ரெண்டாவது மாத்திரை குடலுக்குள்ள ஒளிஞ்சிக்கிட்டிருக்கறதைக் கொல்லும். ரெண்டையும் முடிக்கணும். நடுவுல ஒரு சொட்டுகூடக் குடிக்கக் கூடாது, வாந்தி பிச்சுக்கும்" என்றார் டாக்டர். மனுஷர் நல்லபடியாகத்தான் சொன்னார், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாம் நாளே நின்றுவிட்டது. பருந்து ஏழு நாளையும் ஒழுங்காக முடித்தார். ரெண்டாவது மாத்திரையை வாங்கவே இல்லை. "அதான் நின்னுடுச்சே மாப்ள, இன்னும் எதுக்கு?" என்றார். சிக்னல்காரனும் "அதுவும் சரிதான்" என்றான். ரெண்டு பேரும் பெரிய மேதாவிகள்.

ஒளிந்துகொண்டிருந்தது சும்மா இருக்குமா? மூன்று வாரம் கழித்து, காலை பத்து மணிக்கு, கொக்கியில் பாரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது மறுபடி பிடித்துக்கொண்டது. பாரத்தை இறக்கிவைத்துவிட்டு அவர் ஏணியில் பாதி தூரம்கூட வரவில்லை. அதற்குமேல் விவரமாகச் சொல்ல வேண்டாம். கீழே எவனோ ஒருத்தன், "பருந்து எச்சம் போட்டுடுச்சுடோய்!" என்று கத்தினான். சைட் முழுக்கச் சிரித்தது. சிக்னல்காரனுக்கும் சிரிப்பு வந்தது, பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டான். மச்சான் யாரையும் பார்க்காமல் நேராகக் குழாயடிக்குப் போனார்.

மறுநாள் ஏறுவதற்கு முன்னால், "மாப்ள, அந்தச் சீட்டு இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. மருந்துக்கடைக்காரர் தேதியைப் பார்க்கவில்லை. முதல் வரியில் இருந்ததை மட்டும் கிழித்துக் கொடுத்தார், இவனும் அதை மட்டும்தான் கேட்டான். போட்டதும் நின்றது. நின்றதும் மச்சானுக்கு ஒரு பயம் வந்துவிட்டது, நிறுத்தினால் திரும்ப வந்துவிடும் என்று. அதனால் நிறுத்தவே இல்லை. காலையில் ஏறும் முன் ஒன்று, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் இறங்கியதும் ஒன்று. மத்தியான மாத்திரையைச் சிக்னல்காரன் தண்ணீர் பாட்டிலோடு வாளியில் வைத்துக் கயிற்றைக் கட்டுவான். மேலேயிருந்து அவர் இழுத்துக்கொள்வார். ஏணியில் ஏறுகிறவனுக்கு இடுப்புப் பட்டை எப்படியோ, அவருக்கு அது அப்படி ஆகிவிட்டது.

அந்த சைட்டில் அதை யாரும் மருந்து என்றே நினைப்பதில்லை, அதுதான் வினையே. வயித்து மாத்திரை என்பார்கள். சட்டைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, அது நாலு இருக்கும். பல் வலித்தாலும் அது, வயிறு உப்பினாலும் அது. பருந்து மட்டும் அதை ஐந்து மாசம் நாள் தவறாமல் விழுங்கினார். குடியையும் அறவே விட்டார், டாக்டர் சொன்னதில் அந்த ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவர் பெண்டாட்டிக்கு, அதாவது சிக்னல்காரனின் அக்காவுக்கு, மாத்திரை விஷயம் அந்த முதல் ஏழு நாளோடு சரி, அதற்குமேல் தெரியாது. "என் வாய்க்குப் பயந்துதான் குடியை விட்டாரு" என்று தெருவெல்லாம் பெருமையடித்துக்கொண்டாள்.

நாலாம் மாசம் பாதத்தில் எறும்பு ஊர்கிறது என்றார். பிறகு ஒருநாள் ஒற்றைச் செருப்போடு சைட்டுக்கு வந்து சேர்ந்தார், மற்றது எங்கே கழன்று விழுந்தது என்பது தெரியவில்லை. "வயசாவுது மச்சான், ஞாபகம் மங்குது" என்று சிக்னல்காரன் கிண்டல் பண்ணினான். அவரும் சிரித்தார்.

அப்புறம் நாக்கு. வாக்கிடாக்கியில் ஒன்பது வருஷம் கேட்ட குரல், சிக்னல்காரனுக்குத் தெரியாதா? "இறக்கிட்டேன்" என்பது இழுத்துக்கொண்டு வந்தது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் தடுக்கி விழுந்தது. மேலே பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்க் குடிக்கிறாரோ? மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், யாருக்கும் சொல்லாமல், மூச்சு வாங்க அந்த ஏணியில் ஏறிப் போய் மச்சான் முகத்துக்கிட்டே முகத்தைக் கொண்டுபோனான்.

"என்னடா, மோந்தா பாக்கறே?" என்றார் பருந்து. "தண்ணிகூட இரும்பை நக்கற மாதிரி இருக்குடா. இதுல குடி ஒண்ணுதான் எனக்குக் கொறச்சல்."

வாயில் நாற்றமே இல்லை. சிக்னல்காரன் வெட்கப்பட்டுக்கொண்டு இறங்கினான். ஆனால் வீட்டில் அக்கா மோந்தெல்லாம் பார்க்கவில்லை. நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது, வேறென்ன? "திரும்ப ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று ஒரு வாரம் அவரைப் பிடிபிடியென்று பிடித்தாள். அவர் சத்தியம் பண்ணியதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கொக்கியில் கம்பிக்கட்டு. "நில்லு மச்சான்" என்றான் சிக்னல்காரன். நிற்கவில்லை. "நில்லு! நில்லு!" கம்பிக்கட்டு ஆடிக்கொண்டே போய்ச் சாரத்தில் இடித்து, நாலு பலகையைப் பெயர்த்துக்கொண்டு நின்றது. அந்தப் பலகையில் அரை நிமிஷத்துக்கு முன்னால் ரெண்டு பேர் நின்றிருந்தார்கள். வாக்கிடாக்கியில் மச்சான் குரல் வந்தது. "மாப்ள... லீவர்... கையில இருக்கா இல்லையான்னே... தெரியல."

இன்ஜினியர் ஓடிவந்து "குடிச்சிருக்கானா?" என்று கத்தினார். சிக்னல்காரன் ஏணிக்கு ஓடி மேலே ஏறினான். அந்த இறக்கத்தை அவன் சாகும்வரை மறக்கமாட்டான். இடுப்புப் பட்டையை ஒவ்வொரு படிக்கும் மாற்றி மாற்றி மாட்டி, அவன் ஒரு படி கீழே நின்றுகொண்டு, மச்சானின் வலது காலை ரெண்டு கையாலும் பிடித்துப் படியில் வைப்பான். "வச்சாச்சு மச்சான், அழுத்து." அப்புறம் இடது கால். "படியில இருக்கா?" என்று அவர் ஒவ்வொரு தடவையும் கேட்டார். "இருக்கு, நான் பாக்கறேன், இருக்கு." ஒன்றேகால் மணி நேரம். கீழே வந்ததும் இன்ஜினியர் ஊதச் சொன்னார், கருவி சைபர் காட்டியது. அப்போதுதான் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு வண்டியைக் கூப்பிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கே கேட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரி, வரிசையில் நிற்கும் கூட்டம், குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்த டாக்டர். "சர்க்கரை, பிரஷர் உண்டா? மருந்து ஏதாவது சாப்பிடறாரா?"

"ஒரு தலைவலி மாத்திரைகூடப் போட மாட்டாரு டாக்டர்" என்றாள் அக்கா.

பக்கத்தில் நின்ற சிக்னல்காரனும் தலையாட்டினான். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவனுக்கு வரவில்லை. மருந்து என்றால் வியாதிக்காரர்கள் சாப்பிடுவது. வயித்து மாத்திரை எந்த ஊரில் மருந்து?

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வார்டில் முதல் நாள் சாயங்காலமே மச்சான் இவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். எழுந்து நடக்க முடியாது. எல்லாமே படுக்கையில்தான், மலத்தட்டைப் பிடிப்பது அக்கா. சுற்றி இருபது கட்டில், இருபது குடும்பம். "மாப்ள... வயித்தை மட்டும்... காப்பாத்திடுடா. அவ கையில... வேணாண்டா." அவர் அழுது இவன் பார்த்ததே கிடையாது. பெற்ற தகப்பன் செத்தபோதுகூட அழாத மனுஷர். சிக்னல்காரன் பையில் இருந்ததை எடுத்துக் கொடுத்தான். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அக்கா கேட்டபோது, "நர்சு குடுக்கச் சொன்னாங்க" என்றான். பாவம் பார்த்துத்தான் செய்தான். அதை யாரும் இல்லையென்று சொல்லமுடியாது.

நாளாக ஆக மச்சான் மோசமானார். கண் ஒரு இடத்தில் நிற்காமல் ஆடியது. பேச்சு வெறும் சத்தமானது. ஒன்பதாம் நாள் தண்ணீருக்கே புரையேறியது. அன்றைக்குத்தான் ஸ்கேன் படம் வந்தது. நரம்பு டாக்டரம்மா அக்காவையும் இவனையும் ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டு, படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டினார். சின்ன வயசுதான், ஆனால் முகத்தில் தூக்கம் பார்த்து ரொம்ப நாளான களைப்பு.

"பின்மூளையில ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வெள்ளையா இருக்கு பாருங்க. பக்கவாதம் இப்படி ரெண்டு பக்கமும் சரிசமமா வராது. சில மாத்திரையை ரொம்ப நாள் போட்டா இப்படி வரும். வயித்துப்போக்குக்கு, பல்லுல சீழ் வச்சா எல்லாம் குடுப்பாங்களே, மெட்ரோனிடசோல், அது ஏதாவது சாப்பிட்டாரா?"

சிக்னல்காரனுக்குக் காதுக்குள் ஙொய்யென்றது. "சாப்பிட்டாரு" என்றான்.

அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"எத்தனை நாள்?"

"அஞ்சு மாசம்."

"அஞ்சு மாசமா!" டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "ஏழு நாள், பத்து நாள் போடற மாத்திரைங்க அது. நல்ல மாத்திரைதான், எத்தனையோ உயிரைக் காப்பாத்தியிருக்கு. ஆனா மாசக்கணக்கா உடம்புக்குள்ள போனா நரம்பைத் தின்னுடும், சில பேருக்கு மூளையையும். சேர்க்கும்போது ஏன் சொல்லல? சரி, அதை விடுங்க. கடைசியா எப்ப போட்டாரு?"

அக்கா இவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்ல எவனுக்குத் துணிச்சல் வரும்? "இங்க சேர்க்கறதுக்கு முந்தின நாள்" என்று அவன் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

டாக்டரம்மாவின் முகம் வாடிப்போனது. தாளில் எழுதியிருந்த ஒரு வரியை அடித்தார். "அப்ப நிறுத்தி ஒன்பது நாள் ஆகுது. நிறுத்தினா இதுக்குள்ள கொஞ்சமாவது தெளிஞ்சிருக்கணும். இவருக்கு நாளுக்கு நாள் மோசமாயிட்டு வருது. அப்ப இது அந்த மாத்திரையோட வேலை இல்ல. வேற ஏதோ உள்ள ஓடுது." கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். "மண்டையில சின்னதா துளை போட்டு, கொஞ்சம் எடுத்துச் சோதிக்கணும். பின்மூளை, ஆபத்தான இடம். ஆபத்து இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா வேற வழி தெரியல. யார் கையெழுத்துப் போடறீங்க?"

"நான் போடறேன்" என்றாள் அக்கா. புருஷன் பிழைத்தால் போதும் என்று வந்தவள், எதில் வேண்டுமானாலும் போடுவாள். பேனாவை வாங்கித் தாளைத் தன் பக்கம் திருப்பினாள்.

சிக்னல்காரன் அந்தப் பேனாவைப் பார்த்தான். சொல்லாமல் இருந்தால் அக்கா முகத்தில் விழிக்கலாம், மச்சானின் மண்டையைத் துளைப்பார்கள். சொன்னால் துளைக்க வேண்டாம், ஆனால் அதற்கப்புறம் அவனுக்கு அக்கா என்று ஒருத்தி இருப்பாளா?

"அக்கா, போடாத."

"என்னடா?"

"போடாதக்கா. டாக்டரம்மா, நான் பொய் சொல்லிட்டேன். இன்னைக்குக் காலையில வரைக்கும் குடுத்தேன். தினம் ரெண்டு. இப்பவும் இருக்கு." பைக்குள் கையைவிட்டு, சாயங்காலத்துக்கு வைத்திருந்ததை எடுத்து மேஜைமேல் போட்டான்.

டாக்டரம்மா கையெழுத்துத் தாளை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அக்காவுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் அவள் அடிக்கவில்லை, கத்தவில்லை. அவள் அடித்திருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

"நர்சு குடுக்கச் சொன்னாங்கன்னுதானேடா சொன்னே?" என்றாள். "அவரு முழுங்க மாட்டாம முழிச்சாரே இன்னைக்கு. தலையைத் தூக்கிப் புடிச்சு நான்தானேடா தண்ணி ஊத்தினேன். முழுங்குங்க, முழுங்குனாத்தான் வீட்டுக்குப் போகலாம்னு நான்தானேடா சொன்னேன்."

தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டரம்மா மாத்திரையை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினார். திட்டவில்லை. "இன்னையோட நிறுத்தியாச்சு. மூளை பெரும்பாலும் தேறிடும், பயப்படாதீங்க. கால் நரம்புதான்... அது எவ்வளவு திரும்ப வரும்னு சொல்ல முடியாது. வந்த அன்னைக்கே தெரிஞ்சிருந்தா..." என்றவர், அக்காவைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அவர் சொன்னபடியே நடந்தது. நாலாம் நாள் தண்ணீர் இறங்கியது. ரெண்டு வாரத்தில் நாக்கு திரும்பியது. ஒரு மாசத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். முதல் டாக்டர் எழுதிக் கொடுத்த அந்த ரெண்டாவது மாத்திரையை இப்போது பத்து நாள் கொடுத்தார்கள், அக்கா சீட்டை ரெண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத் தன் கையாலேயே கொடுத்தாள். அதோடு வயித்துத் தொந்தரவு போயே போய்விட்டது. ஐந்து மாசம் விழுங்கியும் போகாதது பத்தே நாளில் போனது. இதை எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

கால் மட்டும் வரவில்லை. எட்டு மாசமாகியும் முழங்காலுக்குக் கீழே மரக்கட்டைதான். வெந்நீர் வாளியில் காலை வைத்துச் சுட்டுக்கொண்டார், தோல் உரிந்த பிறகுதான் தெரிந்தது. போன வாரம் டாக்டரம்மா வராந்தாவில் நிறுத்தி அக்காவிடமும் இவனிடமும் சொல்லிவிட்டார். இதற்குமேல் வந்தால் அதிர்ஷ்டம், ஏணியை மட்டும் இந்த ஜென்மத்தில் நினைக்க வேண்டாம் என்று. மச்சானிடம் யாரும் சொல்லவில்லை.

அக்கா தம்பியோடு பேசுவதை நிறுத்தி எட்டு மாசம். அவன் வருவான், மச்சான் பக்கத்தில் உட்காருவான். அவள் தம்ளரை நங்கென்று வைத்துவிட்டு உள்ளே போவாள். ஞாயிற்றுக்கிழமை அன்றும் அப்படித்தான் வந்தான். பருந்து ஜன்னலோரம் நாற்காலியில், கால் ரெண்டையும் ஒரு முக்காலிமேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். அக்கா கட்டில்மேல் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வாடா மாப்ள. புது ஆளு எப்படி? இன்னும் கொக்கியை ஆட்டறானா?"

"ஆட்டறான் மச்சான்."

"விரல்ல இருக்குடா அந்த வேலை, சொன்னா எவனுக்குப் புரியுது?" பருந்து தன் பத்து விரலையும் மடக்கி விரித்துக் காட்டினார். "பாரு, கை வந்துடுச்சு. பேச்சு வந்துடுச்சு. கால்தான் கொஞ்சம் மக்கர் பண்ணுது. இன்ஜினியர்கிட்ட சொல்லி வை. அடுத்த மாசம் ஏறிடறேன்."

சிக்னல்காரன் அக்காவைப் பார்த்தான்.

"என்னை ஏண்டா பாக்கறே?" என்றாள் அவள். மடித்த சட்டையைக் கட்டில்மேல் வைத்தாள். "எனக்குத் தெரியாம எல்லாத்தையும் நீதானே அவருக்குக் குடுத்தே. இதையும் நீயே குடு."

"என்னடி குடுக்கணும்?" என்று பருந்து சிரித்துக்கொண்டே கேட்டார். அவள் துணிகளை வாரிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். "உங்க அக்காளுக்கு இன்னும் கோபம் போகல. விடு. மேல ஏறின முதல் நாள் நீ கூடவே வா, என்ன? ஏணி கொஞ்சம் பழகற வரைக்கும்தான்."

சிக்னல்காரன் முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மச்சானின் பாதத்தை ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். இன்னும் இறுக்கினான். தன் காலை ஒருத்தன் பிடித்துக்கொண்டிருப்பது தெரியாமல், மச்சான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு கிரேனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.